மதினியின் திசுப் பரிசோதனை முடிவு: புதுப்பிப்பு

மாதவிடாய் நின்று பல வருடமான மதினிக்கு மறுபடியும் ரத்தம் பட்டதையும், அம்பாசமுத்திரத்தில் எடுத்த ஸ்கேனில் கருப்பையின் உட்சுவர் 11 மி.மீ. தடித்திருந்ததையும் முன்பு எழுதியிருந்தேன். விசாரித்தவர்களுக்கு நன்றி.

முடிவு வந்துவிட்டது. புற்றுநோய் இல்லை. உட்சுவர் அளவுக்கு மேல் வளர்ந்த மிகைவளர்ச்சிதான், செல்களில் பிறழ்வு இல்லை. மெல்லிய குழாயை உள்ளே விட்டுத் திசு எடுத்தார்கள். சின்னப் புட்டியில் சிவந்த நூல் துணுக்குகளாக மிதந்தது.

பாளையங்கோட்டை மருத்துவர் படம் வரைந்தே விளக்கினார். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் உட்சுவரை வளர்க்கும், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அதை அடக்கும். மாதவிடாய் நின்ற பிறகும் உடல் கொழுப்பில் ஈஸ்ட்ரோஜன் ஓரளவு உருவாகிறது. அடக்க ஆளில்லாததால் சுவர் தடிக்கிறது. அதனால் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை கொடுத்திருக்கிறார். ஆறு மாதம் கழித்து மறுபடி திசு எடுக்க வேண்டும்.

இளம்பெண்கள் இந்த 11 மி.மீ. அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மாதவிடாய் நெருங்கும்போது உட்சுவர் 16 மி.மீ. வரைகூட இயல்பாகவே தடிக்கும். மாதவிடாய் நின்றவர்களுக்கு ரத்தம் பட்டு, தடிமன் 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் திசுப் பரிசோதனை அவசியம். ‘சூடு, தானாகச் சரியாகும்’ என்று வீட்டுப் பெண்களை உட்கார வைக்காதீர்கள். ஒரு சொட்டு பட்டாலும் காட்டிவிடுங்கள்.