மறு: 'டெமோ'வுக்குத் தமிழ்ச் சொல்

அன்பர்களுக்கு வணக்கம். ஸ்டுடியோவில் முறையாகப் பதிவதற்கு முன், பாட்டு எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகச் சும்மா பாடிப் பதிவதுதான் டெமோ. நம் சொற்பட்டியலில் அதற்குத் தமிழில் என்ன போடலாம் என்பதற்கு வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன்.

> டெமோ ரெக்கார்டிங் = முன்பதிவு

இதைப் படித்ததும் ரயில் நிலையக் கவுன்டர்தான் கண்முன் வந்தது. முன்பதிவை ரயில்வே என்றைக்கோ எடுத்துக்கொண்டுவிட்டது. இனித் திருப்பித் தராது. 'மாதிரிப் பதிவு'ம் ஒப்பவில்லை. பழைய பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் புதிய பாட்டில் ஒட்டுகிறார்களே, அந்த சாம்ப்பிளுக்கு 'மாதிரி' வேண்டும். 'தத்தகாரம்' அழகான சொல்தான். ஆனால் அது வரிகள் இல்லாத மெட்டு. டெமோவில் வரிகள் உண்டு.

> வரைவுப் பதிவு

இது கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் வரைவைத் திருத்தித் திருத்தித்தான் இறுதிப்படி ஆக்குகிறோம். டெமோவை அப்படித் திருத்துவது அரிது. குழுவுக்குப் போட்டுக் காட்டிவிட்டு, ஸ்டுடியோவில் முதலிலிருந்து பாடுவார்கள்.

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' என்ற பாடல் தொகுப்பில் வைத்து உரசிப் பார்ப்போம். 1982 ஜனவரியில், நியூ ஜெர்சி கோல்ட்ஸ் நெக்கில், வாடகை வீட்டின் படுக்கையறையில் டியாக் நிறுவனத்தின் நான்குதடக் கேசட் கருவியை (நான்கு ஒலிகளைத் தனித்தனித் தடங்களில் பதியலாம்) வைத்துப் பதிந்தவை அந்தப் பாடல்களில் பெரும்பாலானவை. இரண்டு தடங்களில் குரலும் கிதாரும். மீதி இரண்டில் இன்னொரு குரல், இன்னொரு கிதார் என்று தேவைக்கேற்ப. எல்லாவற்றையும் கலந்து வீட்டிலிருந்த பானசோனிக் டேப் ரிக்கார்டரில் இறக்கினார். அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பையில் செருகிக்கொண்டு வாரக்கணக்கில் திரிந்தார். பிறகு தம் குழுவான இ ஸ்டிரீட் இசைக்குழுவோடு ஸ்டுடியோவில் வாசித்துப் பார்த்தார்கள். ஒலி துலங்கியது, பாட்டு செத்தது. கடைசியில் பையில் கிடந்த கேசட்டையே மூலமாகக் கொண்டு, அதன் இரைச்சலோடு மல்லுக்கட்டி இசைத்தட்டாக்கினார்கள். செப்டம்பர் 30 அன்று வெளிவந்தது. அதே கேசட்டில் 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.' பாட்டும் இருந்தது. அதுவோ குழுவோடு சேர்ந்ததும் உயிர் பெற்று, 1984இல் வந்த தொகுப்புக்குப் பெயராகவே ஆனது.

ஒரே கேசட்டில் கிடந்த பாடல்களுக்கு இரண்டு விதமான விதி. நம் சொல் இரண்டுக்கும் இடம் தர வேண்டும்.

என் பரிந்துரை: வெள்ளோட்டப் பதிவு.

புதுத் தேரைச் சாமி ஏற்றாமல் வீதியில் இழுத்துப் பார்ப்பது வெள்ளோட்டம். அச்சு தாங்குகிறதா, முக்கில் திரும்புகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். குழு ஏறாத பாட்டும் அப்படித்தான் ஓடுகிறது. நெப்ராஸ்காவில் வெள்ளோட்டத்திலேயே சாமி ஏறிவிட்டது, அவ்வளவுதான். 'த ஹூ' ராக் குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் தம் டெமோக்களைத் திரட்டி 1983இல் வெளியிட்ட 'ஸ்கூப்' போன்றவற்றை 'வெள்ளோட்டத் தொகுப்பு' எனலாம்.

நீளம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பேச்சில் 'வெள்ளோட்டம்' என்று மட்டும் சொன்னால் போதும், 'பதிவு' அகராதிக்கு.

இன்னொன்று. 'நான்குதடம்' என்று எழுதியதற்கு யாராவது புணர்ச்சி விதி காட்டி 'நாற்றடம்' என்று திருத்த வருவீர்கள். இலக்கணம் சரியே. படிப்பவர் மூக்கைப் பிடித்துக்கொள்வார், வேண்டாம்.

ஏற்கெனவே பதிந்ததன் மேல் இன்னொரு குரலையோ கருவியையோ சேர்த்துப் பதியும் 'ஓவர்டப்'புக்கு 'மேற்பதிவு' என்று குறித்து வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுவேன்.