டிரோன் பறந்த சடங்கும் பூட்டிக் கிடக்கிற லயமும்

பொகவந்தலாவ டீச்சர்
என் வகுப்புப் பிள்ளைக்குப் போன மாசம் வயசுக்கு வந்த சடங்கு. ஹோல், டிரோன் படம், மூணு உடுப்பு. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவங்க, தோட்டத்து வரிசை வீடான லயத்தில்தான் இருக்காங்க. இப்ப கிழமைக்கடன்காரர் வர்ற நாளில் கதவு பூட்டியே கிடக்கு. பிள்ளை உள்ளுக்குள்ள மூச்சுக் காட்டாம உட்கார்ந்திருக்கு, அவளே சொன்னா. காசு சேர்க்கிறதையே வாழ்க்கையின் நடுவில் வைக்கிறவங்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் அதிகம்னு 1993லேயே டிம் காசர், ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவில் காட்டினாங்க. நம்ம லயத்திலும் அதைத்தான் பார்க்கிறேன்.

டிக்கோயா லயத்தான்
கோவிக்காதீங்க டீச்சர். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் ஆறு பேர் படுக்கிறோம். நாள் சம்பளம் 1,000 ரூபா ஆனதே 2021ல்தான், அதுவும் எத்தனை வருஷப் போராட்டம்! பிரிட்ஜ் வாங்க நினைச்சா பேராசையா? எங்கம்மா நடுராத்திரி எழும்பி அடுப்படியில் உட்கார்ந்திருந்தது அரிசிக்கடைக் கணக்கை நினைச்சு. மனசைத் தின்னது இல்லாமை, சாமான் இல்ல.

பொகவந்தலாவ டீச்சர்
பிரிட்ஜும் நல்ல கூரையும் கேட்கிறது உரிமை தம்பி, அதை நான் குறை சொல்லல. பக்கத்துக் காம்பராக்காரங்க டிரோன் விட்டாங்க, நாங்களும் விடணும்ங்கிற அந்த வேகத்தைச் சொல்றேன்.

டிக்கோயா லயத்தான்
அந்த வேகம் எங்கிருந்து வருது? கொழும்பில் துணிக்கடையில் நின்னப்ப ஊர் கேட்டா "ஹட்டன் டவுன்"னுதான் சொல்வேன். தோட்டத்துப் பேர் வாயில் வராது. மூணு மாசச் சம்பளம் போனுக்கே போச்சு. அதைப் பையில் வைக்கவே மாட்டேன், சாப்பிடும்போதுகூட எல்லார் கண்ணிலும் படுற மாதிரி மேசை மேலதான். கேவலமாப் பார்த்தவங்க முன்னால அது ஒண்ணுதான் எனக்குத் துணை. அதைப் பறிச்சிட்டு "ஆசையைக் குறை"ன்னு சொல்லாதீங்க.

ராகலை அக்கா
தம்பி சொல்றதை ஆய்விலும் கண்டிருக்காங்க. 2007ல் சாப்ளின், ஜோன்னு ரெண்டு பேர் பிள்ளைகளைப் பார்த்தாங்க. பன்னிரண்டு, பதிமூணு வயசில் தன்மதிப்பு விழும்போது சாமான் ஆசை ஏறுது. தன்மதிப்பைத் தூக்கிவிட்டா ஆசை இறங்குது. சடங்கு வைக்கிற வயசும் அதுதானே! ஆனா டீச்சரையும் தள்ள முடியாது. 2014ல் 250க்கும் மேற்பட்ட ஆய்வு மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்ததில், சாமான் ஆசைக்கும் மனநலம் குறையிறதுக்கும் தொடர்பு பெரிசா இல்லாட்டியும் இருக்கு. கண்டபடி வாங்குறதிலும் தன்னைத்தானே தாழ்வா நினைக்கிறதிலும்தான் அது அதிகம். டீச்சர், அந்த அம்மாவுக்குத் தூக்கம் இல்லன்னா 1926க்குப் பேசச் சொல்லுங்க, தேசிய மனநல நிறுவகத்துத் தொலைபேசி இலக்கம்.

பொகவந்தலாவ டீச்சர்
சொல்றேன் அக்கா. தம்பி, ஒண்ணு கேட்கிறேன். போன் வாங்கின பிறகாவது ஊர்ப் பேரைச் சொன்னீங்களா?

டிக்கோயா லயத்தான்
இல்ல டீச்சர். கடையை விட்டு வர்ற வரைக்கும் சொல்லல.