பாஸ்கர்வில் எழுத்து சிமிலி தாளில் உடைகிறது, தமிழோடு அளவும் ஒட்டவில்லை: உதவி தேவை

செந்தூல் மலர்க்குழு
வணக்கம். கோயில் கும்பாபிஷேக மலர், ஏ5 அளவு, தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் உண்டு. உள்பக்கம் 80 கிராம் சிமிலி, அதாவது மேல்பூச்சு இல்லாத சாதாரணத் தாள். மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் மேக்கில் வரும் பாஸ்கர்வில் 10 பாயிண்ட், தமிழுக்கு நோட்டோ செரிப் தமிழ், அதுவும் 10. பக்க அமைப்பு இன்டிசைன் மென்பொருளில்.

புரூஃபில் (மாதிரி அச்சில்) கட்டுரைகள் வெளிறி வருகின்றன. ஆங்கிலச் சிறிய ‘ஈ’யின் குறுக்குக்கோடு பல இடங்களில் அறுந்திருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் எழுத்தின் ஓரத்தில் நீலமும் சிவப்புமாகப் புள்ளிகள். பக்க எண் 8 பாயிண்ட்தான், அது மட்டும் பளிச்சென்று இருக்கிறது. ஒரே வரியில் தமிழும் மலாயும் வந்தால் தமிழ் பெருத்துத் தெரிகிறது. சில பத்திகளில் ‘கொ’, ‘கோ’ கொம்பு வேறு, கால் வேறாகப் பிரிந்து நிற்கிறது. எழுத்துருவை மாற்றிவிடலாமா?

பட்டர்வொர்த் வாசகர்
பாஸ்கர்வில் வழவழப்பான தாளுக்குப் பிறந்த எழுத்து. பர்மிங்ஹாமில் ஜான் பாஸ்கர்வில் 1757இல் தம் முதல் புத்தகத்தை அச்சிட்டபோது, அச்சான தாளைச் சூடான செப்புத் தகடுகளுக்கு இடையே வைத்து அழுத்தினார். அந்தப் பளபளப்பில்தான் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் எடுபட்டது. சிமிலியில் அந்த வசதி இல்லை. லிப்ரே பாஸ்கர்வில் போட்டுப் பாருங்கள். குடும்பம் அதேதான், சிறிய எழுத்துகளின் உயரம் கூடுதல், மெல்லிய கோடும் சற்றுத் தடிப்பு. ஆனால் அகலமான எழுத்து, 9 பாயிண்டுக்கு இறக்காவிட்டால் பக்கம் கூடிவிடும்.

பினாங்கு அச்சுக்கோப்பாளர்
எழுத்துருவை இப்போதே மாற்றாதீர்கள். 8 பாயிண்ட் பக்க எண் சுத்தமாக விழுந்து, 10 பாயிண்ட் கட்டுரை உடைகிறது என்றால் கோளாறு மையில். கட்டுரைகள் வேர்டில் வந்தவை, பக்க எண் இன்டிசைனிலேயே போட்டது, சரிதானே?

வேர்டின் கறுப்பு திரைக்கான கறுப்பு. அதை நான்கு மைக்கு மாற்றும்போது, அடோபியின் அமெரிக்க இயல்பமைப்பில் சயான் 75, மஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 விழுக்காடு என்று பிரியும். ஒரு மைகூட முழு 100 இல்லை. ஆகவே ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுத் தகடான பிளேட்டு நான்கிலும் எழுத்து புள்ளிகளாகவே பதிகிறது. குறுக்குக்கோடு ஒரு புள்ளியைவிட மெலிந்தால் அறுந்துபோகும். பிளேட்டுகள் மயிரிழை விலகினால் ஓரத்தில் நிறம் கசியும். நீங்கள் பார்த்த நீலமும் சிவப்பும் அதுதான்.

இன்டிசைனில் ஒவ்வொரு மையையும் தனியாகக் காட்டும் செபரேஷன்ஸ் பிரிவியூவைத் திறந்து கறுப்பை மட்டும் அணையுங்கள். எழுத்து திரையில் மிச்சம் நின்றால் விஷயம் உறுதி. பிறகு ஸ்வாட்ச் (நிறங்கள்) பட்டியலில் ‘வேர்ட்’ என்று தொடங்கி, ஆர், ஜி, பி மூன்றும் 0 என்று பெயரிட்ட நிறம் இருக்கும். அதை நீக்குங்கள், எதை வைத்து ஈடு செய்வது என்று கேட்கும்போது பிளாக்கைத் தேர்ந்தெடுங்கள். எல்லாக் கட்டுரையும் ஒரே தட்டலில் தனிக் கறுப்பாகிவிடும்.

‘கொ’ பிரிவது வேறு சங்கதி. பத்தி பாணியில் ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், எழுத்துகளை வரியாகக் கோக்கும் கம்போஸரை ‘வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போஸர்’ ஆக்குங்கள். சாதாரண கம்போஸருக்குத் தமிழ் உயிர்மெய் கோக்கத் தெரியாது. பாணியிலேயே மாற்றுவது முக்கியம், இல்லாவிட்டால் அடுத்த கட்டுரையை ஒட்டும்போது மீண்டும் பிரியும்.

செந்தூல் மலர்க்குழு
ரொம்ப நன்றி அண்ணே. கறுப்பை அணைத்தும் கட்டுரை முழுக்க நின்றது. நிறத்தை மாற்றியபின் கறுப்பை அணைத்தால் திரை காலியாகிவிடுகிறது. ‘கொ’வும் சேர்ந்துவிட்டது. தமிழ் அளவு மட்டும் பாக்கி. நன்கொடையாளர் பக்கத்தில் அரக்குப் பின்னணியில் வெள்ளை எழுத்து, அதுவும் பாஸ்கர்வில். பரவாயில்லையா?

பினாங்கு அச்சுக்கோப்பாளர்
அளவுக்குப் பாயிண்ட் எண்ணை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள். ‘ப’வையும் ஆங்கிலச் சிறிய ‘எக்ஸ்’ஐயும் ஒட்டி அடித்துத் திரையில் பெரிதாக்குங்கள். ‘ப’ கொஞ்சம் உயர்ந்து நிற்கலாம், ஆனால் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தைத் தொடக்கூடாது. பாஸ்கர்வில் 10க்குத் தமிழ் 8.5இல் தொடங்கி, கால் பாயிண்டாக ஏற்றி இறக்குங்கள். மலாய்ப் பத்திக்குள் வரும் தமிழ்ச் சொற்களைக் கையால் தேடவேண்டாம். பத்தி பாணியின் கிரெப் ஸ்டைலில் (குறிப்பிட்ட எழுத்துகளைத் தானே கண்டுபிடித்துப் பாணி சூட்டும் வசதி) தமிழ் எழுத்துகளைக் குறிக்கும் [ஃ-௺]+ என்று கொடுத்து, தமிழ் எழுத்துருவும் அளவும் உள்ள எழுத்துப் பாணியை அதற்குச் சூட்டிவிடுங்கள். லீடிங், அதாவது வரியிடைவெளி, 15 பாயிண்ட் வையுங்கள். குறைத்தால் மேல்வரியின் ‘கூ’ வாலும் கீழ்வரியின் ‘கீ’ சுழியும் முட்டும்.

மலாய்க் கட்டுரையில் சாய்வெழுத்து வேண்டுமானால் பாஸ்கர்விலின் அசல் இத்தாலிக்கைப் போடுங்கள், அழகான எழுத்து அது. தமிழைச் சாய்க்காதீர்கள். சுழியெல்லாம் நசுங்கிவிடும், அழுத்தம் தேவைப்பட்டால் தடித்த எடை போதும்.

அரக்குப் பக்கத்துக்குப் பாஸ்கர்வில் போன்ற மெல்லிய செரிப் (முனையில் சிறு கோடுள்ள எழுத்து) ஆகாது. அரக்கு இரண்டு மூன்று மை சேர்ந்த நிறம். அதில் ஒன்று விலகினாலும் வெள்ளைக் கோடு அடைபடும், சிமிலியில் மை பரவியும் அடைக்கும். பாஸ்கர்விலே வேண்டுமென்றால் செமிபோல்ட், 11 பாயிண்ட், எழுத்திடைவெளி சற்றுக் கூட்டி. நான் செய்வதாக இருந்தால் அரக்கைத் தலைப்புப் பட்டைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பெயரும் ரிங்கிட் தொகையும் வெள்ளைத் தாளில் கறுப்பாக விடுவேன். ஒவ்வொருவரும் முதலில் தேடுவது தம் பெயரைத்தான்.

பட்டர்வொர்த் வாசகர்
அடுத்த புரூஃபைச் சிமிலியிலேயே அடித்துத் தரச் சொல்லுங்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பர் புரூஃபில் இந்தக் கோளாறெல்லாம் பாதி மறைந்துவிடும்.