முதுகுவலிக்கு அக்குபங்சர் போகலாமா? அம்மாவுக்காகக் கேட்கிறேன்

வேப்பம்பூ:
அம்மாவுக்கு 56 வயது. முப்பது வருடமாகத் தையல் வேலை. இரண்டு வருடமாக இடுப்பு வலி, கீழே விழுந்த துணியைக் குனிந்து எடுத்தால் மிஷினைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்கிறார். டாக்டர் எக்ஸ்ரே பார்த்துத் தேய்மானம் என்றார், மாத்திரையும் பயிற்சியும் கொடுத்தார். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பயிற்சி ஒரு வாரத்தோடு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா அக்குபங்சர் போகச் சொல்கிறார். அம்மாவுக்கு ஊசி என்றாலே பயம். வலிக்குமா, உண்மையில் கேட்குமா? சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுகிறார்.

தறிக்காரன்:
கழுத்து வலிக்கு எட்டு முறை போனேன், அதனால் சொல்கிறேன். நாம் பயப்படுகிற ஊசி இல்லை இது. மருந்து எதுவும் ஏற்றுவதில்லை, கால் மில்லிமீட்டர் அளவுதான் தடிமன் இருக்கும். சின்ன பிளாஸ்டிக் குழாயைத் தோலில் வைத்து மேலே ஒரு தட்டு தட்டுவார்கள், எறும்பு கடித்த மாதிரி, அவ்வளவுதான். பிறகு ஊசியை லேசாகத் திருகும்போது உள்ளே ஒரு கனம், மந்தமான குடைச்சல் வரும். சீனத்தில் அதற்கு 'தே சி' என்று பெயர். அப்படியே இருபது, முப்பது நிமிஷம் படுத்திருக்க வேண்டும், நான் பல நாள் தூங்கியே போனேன். எனக்கு நாலாவது தடவைக்கு அப்புறம்தான் தலையைத் திருப்ப முடிந்தது. வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் வேலை பார்க்க முடிகிறது.

கடலோரம்:
நான் பிசியோதெரபிஸ்ட். கேட்குமா என்பதற்கு நேரான பதில்: நாள்பட்ட முதுகுவலியில் பலருக்கு ஓரளவு குறைகிறது. ஜெர்மனியில் 1162 பேரை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2007-ல் வந்தது. ஆறு மாதம் கழித்து நல்ல முன்னேற்றம் கண்டவர்கள், முறைப்படி ஊசி போட்ட குழுவில் 47.6 சதவீதம், மருந்தும் பயிற்சியும் மட்டும் எடுத்த குழுவில் 27.4 சதவீதம். ஆனால் மூன்றாவது குழுவுக்கு அக்கு புள்ளியே (ஊசி போட வேண்டியது என்று இந்த முறை சொல்லும் இடம்) இல்லாத இடத்தில் மேலாகக் குத்தினார்கள், அவர்களிலும் 44.2 சதவீதம் பேருக்குக் குறைந்தது! அதனால்தான் எந்தப் புள்ளி என்று யாராவது ரகசியம் மாதிரி பேசினால் நான் அதற்குப் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. ஊசி நரம்புகளைத் தூண்டுவது, வலியைக் குறைக்க உடல் தானே சுரக்கும் எண்டார்பின், நிம்மதியாகப் படுத்திருப்பது, குறையும் என்ற நம்பிக்கை எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்கிறது என்பது என் எண்ணம்.

எத்தனை தடவை என்பதற்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு 2020 முதல் நாள்பட்ட இடுப்பு வலிக்கு 90 நாளில் 12 தடவை வரை பணம் தருகிறது, முன்னேற்றம் இருந்தால் மட்டுமே இன்னும் 8. ஆறேழு தடவையில் துளியும் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். பயிற்சியை மட்டும் விடவே கூடாது, வலி கொஞ்சம் குறைகிற அந்த இடைவெளியில்தான் அதைத் திரும்பத் தொடங்க முடியும்.

கால் மரத்துப்போவது, காலில் பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, காய்ச்சலோடு முதுகுவலி, இவற்றில் எது வந்தாலும் அக்குபங்சருக்கு அல்ல, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மழைக்காலம்:
ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் அக்குபங்சர் என்று போர்டு வைத்திருக்கும் பல இடங்களில் ஊசியே கிடையாது, நாடி பார்த்து ஒரு புள்ளியை விரலால் தொடுவார்கள். மேலே சொன்ன ஆய்வு ஊசி போட்டுச் செய்தது, தொடு சிகிச்சைக்கு அது பொருந்தாது. அதைவிட முக்கியம், சிலர் எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொல்வார்கள். என் சித்தப்பா அப்படி இன்சுலினை நிறுத்தி ஒன்பதாவது நாள் ஐசியூவில் கிடந்தார். அந்த நாட்களை நான் மறக்கவே மாட்டேன். சர்க்கரை மாத்திரையைத் தொடாதீர்கள். அப்படிச் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

தறிக்காரன்:
ஆமாம். ஊசி உறையைக் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள், ஒரு தடவை போட்டதைத் தூக்கிப் போட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள். முதல் நாள் வெறும் வயிற்றோடு போகாதீர்கள், சிலருக்கு மயக்கம் வரும்.

வேப்பம்பூ:
எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன இடத்துக்குப் போன் செய்து கேட்டேன், தொடு சிகிச்சைதானாம். ஊசி போடுகிற டாக்டரைத் தேடுகிறேன். அம்மாவால் குப்புறப் படுக்க முடியாதே, என்ன செய்வது?

தறிக்காரன்:
ஒருக்களித்துப் படுக்க வைத்தே போடலாம்மா. முழங்காலுக்கு இடையில் வைக்க ஒரு தலையணை எடுத்துப் போங்கள்.