புதுப்பிப்பு: ஒய்பிசிஓ வில்லையில் மின்னோட்டம் ஏறாத சிக்கல்

ஒய்பிசிஓ என்பது இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த மீக்கடத்தி. அதன் தூளை அழுத்தி, உருகாமல் சுட்டு இறுக்கிய (சின்டர் செய்த) வில்லை திரவ நைட்ரஜனில் சதுர சென்டிமீட்டருக்குச் சில நூறு ஆம்பியரிலேயே நிற்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். அழுத்தத்தைக் கூட்டு, கூடுதல் நேரம் சுடு என்றார்கள். அதில் அடர்த்திதான் ஏறும். திசை மாறிய துகள்களின் (படிகத் துணுக்குகளின்) எல்லைகள் மின்னோட்டத்தை அப்படியே மறிக்கும். தீர்வு, உருக்கி ஒற்றைத் துகளாக வளர்ப்பது.

எடையில், 123 தூள் (இட்ரியம், பேரியம், செம்பு 1:2:3 விகிதத்தில் உள்ள மீக்கடத்தி) 75%, 211 தூள் (அதே மூன்றும் 2:1:1 விகிதத்தில்) 25%, கூடவே 0.5% சீரியம் ஆக்சைடு. இது 211 துகள்கள் பருக்காமல் தடுக்கும். மேலே நடுவில் சமாரியம்-123 விதைப்படிகம் (இட்ரியத்துக்குப் பதில் சமாரியம் உள்ள சிறு படிகம்; வளர்ச்சி இதிலிருந்து தொடங்கும்), அடியில் இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) தூள். அலுமினா தட்டின் மேல் நேரடியாக வைத்தால் உருகிய திரவம் அதைத் தின்றுவிடும்.

1045 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம், சட்டென 1015, அங்கிருந்து 980 வரை மணிக்கு அரை டிகிரிதான். அவசரப்பட்டால் ஓரங்களில் வேறு துகள்கள் முளைக்கும். உச்ச வெப்பம் மிஞ்சினால் விதையே கரையும். அடுப்பின் தெர்மோகப்பிளை (வெப்ப உணரியை) நம்பாமல் வில்லைக்கு அருகில் அளந்துகொள்ளுங்கள்.

விதையிலிருந்து நான்கு கோடுகள் பெருக்கல் குறிபோல ஓரம் வரை ஓடினால் வளர்ச்சி சரி. பாதியில் நின்றால், மீக்கடத்தும் நிலைக்குக் கொண்டுவர அடுத்து ஆக்சிஜன் ஏற்றுவதே வீண். சரியானதை 450-400 டிகிரியில், ஆக்சிஜன் ஓட்டத்தில், 100 மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். அதன்பின் சதுர சென்டிமீட்டருக்கு 10,000 ஆம்பியரைத் தாண்டும்.