புதுப்பிப்பு: வழிகாட்டி இல்லாமல் சுவிஸ் மலைக் கிராமங்களில் நடந்தாச்சு

அம்மாவைக் கூட்டிக்கொண்டு, வழிகாட்டி இல்லாமல் லவுட்டர்புருனன் பக்கம் நடக்க முடியுமா என்று ஏப்ரலில் கேட்டிருந்தேன். ஜூன் கடைசியில் போய் வந்துவிட்டோம். முடியும்.

வழி தவறிவிடும் என்ற பயம் வீண். பாதை பிரியும் இடமெல்லாம் மஞ்சள் பலகை. அதில் இருப்பது தூரம் இல்லை, நடக்க ஆகும் நேரம். ஓய்வு அதில் சேர்த்தி இல்லை என்பது இரண்டாம் நாள்தான் உறைத்தது: மென்லிஷெனிலிருந்து கிளைன ஷைடெக் வரை ஒன்றரை மணி என்றது பலகை, எதிரே ஐகர் மலையைப் பார்த்துப் பார்த்து நின்றதில் எங்களுக்கு மூன்று ஆனது. மூச்சு வாங்குபவர்கள் இதே திசையில் நடங்கள், பெரும்பாலும் மெல்லிய இறக்கம்.

அம்மாவுக்குப் பிடித்தது மியூரன் – குரூட்ஷால்ப் பாதை. ரயில் தண்டவாளத்தை ஒட்டியே போகிறது, நடுவில் வின்டரெக் நிறுத்தமும் உண்டு. "முடியலைன்னா ஏறிக்கலாம்டா" என்று சொல்லிச் சொல்லியே முழுக்க நடந்துவிட்டார்!

அப்போது தினம் ஒரு ஊரில் தங்கச் சொல்லிப் பதில் எழுதிய அண்ணன் மன்னிக்கவும். கார் நுழையாத வெங்கனிலேயே (1274 மீட்டர்) ஐந்து இரவும் தங்கினோம். பெட்டி தூக்கும் வேலை மிச்சம். மழைச்சட்டை மட்டும் மறக்காதீர்கள்; நான் மறந்தேன்.