40 கணினிகளில் எம்எஸ் ஆபீஸிலிருந்து லிப்ரே ஆபீஸுக்கு: எதை முதலில் மாற்றுவது?

தறி (கேள்வி):
வணக்கம். 40 கணினிகள் உள்ள ஓர் அலுவலகத்தை 4 மாதத்துக்குள் லிப்ரே ஆபீஸுக்கு மாற்ற வேண்டும். வேர்ட் கோப்புகள் 3,000 வரை இருக்கும். எக்செல் 900, அதில் 60க்கு மேல் மேக்ரோ (கோப்புக்குள் எழுதிவைத்த தானியங்கி நிரல்) உள்ளவை. 2 கணினிகளில் சோதித்ததில் மூன்று சிக்கல்கள். 11 பக்க ஒப்பந்தம் 12 பக்கமாகி, அட்டவணை நடுவில் உடைகிறது. கணக்குப் பிரிவின் மாதாந்திர ஷீட்டில் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. மெயில் மெர்ஜ் கடிதத்தில் (ஒரே கடிதத்தில் ஷீட்டிலிருந்து பெயர்களை நிரப்புவது) பெயருக்குப் பதில் புலத்தின் பெயரே நிற்கிறது. எல்லாக் கோப்புகளையும் மொத்தமாக ஓடிஎஃப்புக்கு (ODF, லிப்ரே ஆபீஸின் இயல்புக் கோப்பு வடிவம்) மாற்றிவிடலாமா?

அச்சுக்கோப்பு:
பக்கம் கூடுவதற்குப் பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். கலிப்ரி இல்லாத கணினியில் லிப்ரே ஆபீஸ் கார்லிட்டோவைப் போடும், கேம்ப்ரியாவுக்குக் கலாடியா. ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், கூரியர் நியூ மூன்றுக்கும் லிபரேஷன் எழுத்துருக்கள். இவை எழுத்தின் அகலத்தில் மூலத்தோடு அப்படியே ஒத்தவை என்பதால் வரி உடைவது அதே இடத்தில்தான். லினக்ஸில் கார்லிட்டோ தனிப் பொதியாக இருக்கலாம், அது நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிக்கல் ஆப்டோஸில். புதிய வேர்டின் இயல்பு எழுத்துரு அது, லிப்ரே ஆபீஸோடு வரும் எழுத்துருக்களில் அதற்கு இணையான அகலம் கொண்டது கிடையாது. ஆகவே மாறுவதற்கு முன்பே, வேர்டில் இருக்கும்போதே, வார்ப்புருக்களை (டெம்ப்ளேட்) லிபரேஷன் அல்லது கார்லிட்டோவுக்கு மாற்றி, அந்த எழுத்துருக்களை 40 கணினிகளிலும் நிறுவிவிடுங்கள்.

எழுத்துரு சரியாக இருந்தும் பக்கம் நகர்ந்தால் கண்ட்ரோல்+எஃப்10 அழுத்தி மறைகுறிகளைப் பாருங்கள். அடுத்த பக்கத்துக்குப் போக எட்டு முறை என்டர், வலப்பக்கம் தள்ள இருபது ஸ்பேஸ் என்று அடித்திருந்தால் அந்தக் கோப்பு எந்த மென்பொருளிலும் நிலைக்காது. அதை எடுத்துவிட்டுக் கண்ட்ரோல்+என்டரில் பக்கமுறிவு, பத்தி நடையில் இடைவெளி என்று வையுங்கள். 3,000 கோப்புக்கும் இதைச் செய்ய வேண்டாம். தினமும் கையாளும் வார்ப்புருக்கள் 20, 30தான் இருக்கும். அவற்றைத் திருத்தினால் போதும்.

தமிழில் கடிதம் எழுதுபவர்களுக்கு இன்னொன்று: டூல்ஸ் > ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய், காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்கித் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பத்தி நடையில் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு ஓர் எழுத்துரு எனத் தனித்தனியே இருக்கும். ஆங்கிலப் பக்கத்தில் மட்டும் அளவை மாற்றிவிட்டுத் தமிழ் எழுத்து மாறவில்லையே என்று தேடுவார்கள்.

மெயில் மெர்ஜில் புலங்கள் வந்துவிட்டன, தரவு இணைப்பு வரவில்லை, அவ்வளவுதான். ஷீட்டைத் தரவு மூலமாகப் பதிவு செய்யுங்கள் (அப்போது .odb என்ற தரவுத்தளக் கோப்பு ஒன்று உருவாகும்), பிறகு எடிட் > எக்ஸ்சேஞ்ச் டேட்டாபேஸ். பதிந்தபின் ஷீட்டை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் இணைப்பு அறுந்துவிடும்.

எண்சட்டம்:
எக்செல் பக்கத்தைச் சொல்கிறேன், மாற்றத்தின் கடினமான பகுதி இதுதான்.

பொத்தான் பேசாமலிருக்க முதல் காரணம் பாதுகாப்பு நிலை. இயல்பாக அது ஹை. அதை லோவுக்கு இறக்காதீர்கள். செக்யூரிட்டி > மேக்ரோ செக்யூரிட்டியில் ட்ரஸ்டட் சோர்சஸ் தாவலில் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் சேருங்கள். அப்படியும் ஓடவில்லை என்றால் மேக்ரோவின் நிரலைத் திறந்து பாருங்கள். கலங்களைப் படிப்பது, எழுதுவது, லூப் போன்ற எளிய விபிஏ (எக்செல் மேக்ரோவின் நிரல்மொழி) பெரும்பாலும் ஓடும். ஆக்டிவ்எக்ஸ் பொத்தான்கள், விண்டோஸ் ஏபிஐ அழைப்புகள், சிக்கலான பயனர் படிவங்கள் ஆகியவற்றை நம்ப முடியாது. எக்செலின் தரவு இழுக்கும் வசதிகளான பவர் குவெரி, பவர் பிவட் இரண்டும் கால்க்கில் (லிப்ரே ஆபீஸில் எக்செலுக்கு இணையானது) இல்லை. கடைசியாக வந்த தரவு கலங்களில் நிற்கும், புதுப்பிக்க முடியாது.

60 மேக்ரோ கோப்புகளையும் மூன்றாகப் பிரியுங்கள்: இப்போது யாரும் தொடாதவை, சாதாரண சூத்திரத்தாலேயே முடியக்கூடியவை, உண்மையிலேயே நிரல் தேவைப்படுபவை. கடைசி வகைக்காக 2 அல்லது 3 கணினிகளில் எக்செலை விட்டுவைப்பது தோல்வி ஆகாது. அந்த நிரலை நிதானமாகத் திருப்பி எழுத அதுதான் வழி.

கணக்கு சரியா என்று பார்ப்பதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எக்செல் சேமித்த கோப்பைக் கால்க் திறக்கும்போது இயல்பாக மறுகணக்கு செய்யாது. நீங்கள் பார்ப்பது எக்செல் போட்டு வைத்த பழைய விடை. கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப்9 அழுத்தினால்தான் கால்க்கின் விடை வரும். எக்செல் விடைகளை மதிப்பாக மட்டும் ஒரு தனி ஷீட்டில் ஒட்டி, மறுகணக்குக்குப் பிறகு கழித்துப் பாருங்கள். 0.005க்கு மேல் வித்தியாசம் வரும் கலங்களைத் தேடினால் போதும். சோதனை எப்போதும் நகலில்தான், மூலக் கோப்பின் மேல் சேமிக்க வேண்டாம்.

எக்ஸ்லுக்அப், ஃபில்டர், யுனிக், லெட் ஆகிய சூத்திரங்கள் எல்லாம் லிப்ரே ஆபீஸ் 24.8 பதிப்பில்தான் கால்க்குக்கு வந்தன. அதைவிடப் பழைய பதிப்பு ஒரே ஒரு கணினியில் இருந்தாலும் அங்கே பிழைதான் காட்டும். 40லும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும்.

தறி:
மிக்க நன்றி. பொத்தான் ஆக்டிவ்எக்ஸ்தான், இப்போது தெரிந்தது. ஆவணங்களுக்கு இயல்பு வடிவமாக ஓடிடியா (.odt, ஓடிஎஃப் வகை), டாக்எக்ஸா (.docx, வேர்டின் வடிவம்)?

நெடுவழி:
மாறும் காலத்தில் டாக்எக்ஸ். டூல்ஸ் > ஆப்ஷன்ஸ் > லோட்/சேவ் > ஜெனரலில் ஆவண வகைக்கு ஏற்ப அமைக்கலாம். பாதிப் பேர் வேர்டிலும் பாதிப் பேர் ரைட்டரிலும் (லிப்ரே ஆபீஸில் வேர்டுக்கு இணையானது) இருக்கும்போது ஓடிடி சுற்றினால் குழப்பம்.

அச்சுக்கோப்பு:
இதில் எனக்கு உடன்பாடில்லை. டாக்எக்ஸாகச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு மொழிபெயர்ப்பு. ரைட்டரில் திறந்து, வேர்டில் திருத்தி, மறுபடி ரைட்டரில் என்று ஐந்தாறு முறை போய்வந்த கோப்பில் எண்ணிட்ட பட்டியலும் சட்டகங்களும் கலைந்திருக்கும். ஒரு பிரிவு முழுவதும் மாறிய அன்றே அந்தப் பிரிவின் மூலப்படி ஓடிடி ஆகட்டும். வெளியே போவது பிடிஎஃப். எதிர்த்தரப்பு திருத்தப்போகிறது என்றால் மட்டும் டாக்எக்ஸ். பிடிஎஃப் ஏற்றுமதியில் ஹைப்ரிட் என்பதைத் தேர்ந்தால் ஓடிடி மூலமும் அதற்குள்ளேயே போகும்.

நெடுவழி:
பிரிவு முழுவதும் ஒரே நாளில் மாறினால் நீங்கள் சொல்வது சரி. அப்படியானால் வரிசை இப்படி: வெளியோடு கோப்புப் பரிமாற்றம் குறைந்த பிரிவு முதலில், கணக்குப் பிரிவு கடைசியில். பழைய கோப்புகளை மொத்தமாக மாற்ற வேண்டாம், திருத்த எடுக்கும்போது மாற்றினால் போதும். வார்ப்புரு ஃபோல்டரை மட்டும் ஹெட்லெஸ் முறையில் (சாளரம் திறக்காமல்) கட்டளையால் மாற்றலாம். அப்போது லிப்ரே ஆபீஸ் சாளரம் எதுவும் திறந்திருக்கக் கூடாது, இருந்தால் கட்டளை ஒன்றும் செய்யாமல் முடிந்துவிடக்கூடும்.